எந்தச் சுண்ணாம்பு? வாசகர் கேள்வி – பதில்

காகித ஆலை ஒன்றின் ரசாயனப் பிரிவில் 31 ஆண்டுகள் சுண்ணாம்போடு மாரடித்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற இதழில் மயக்க மருந்து இயந்திரத்தில், நோயாளி விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச வைக்கும் சோடா லைம் என்ற சுண்ணாம்பு மணிகள் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "இந்த முறை முழுப் பகுதியையும் சுண்ணாம்புக்கே கொடுத்துவிடுங்கள் அம்மா" என்றார். கொடுத்துவிட்டேன்.

"சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்று எழுதினீர்கள். எங்கள் பாடத்திலோ, சுண்ணாம்புச் சூளை அதே வாயுவைக் கக்குகிறது என்று இருக்கிறது. இரண்டில் எது சரி?" – வேதிப் பொறியியல் மாணவர்

இரண்டும் சரி, தம்பி. குழப்பத்துக்குக் காரணம் வேதியியல் அல்ல, நம் சொல்தான். தமிழில் 'சுண்ணாம்பு' என்று சொன்னால் அதற்குள் மூன்று பண்டங்கள் இருக்கின்றன. மலையில் வெட்டி எடுப்பது சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் வேகவைத்தால் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. கல் ஏற்கெனவே வயிறு நிறைந்தது. அது எதையும் உறிஞ்சாது. (ஒரு விதிவிலக்கு உண்டு, கீழே ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.) பசியோடு இருப்பவை மற்ற இரண்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆய்வகத்து மூத்தவர் ஒருவர் என்னிடம் 10 கிராம் சுத்தமான கல்தூளைக் கொடுத்து, மூசையில் போட்டு உலையில் வைக்கச் சொன்னார். எடுத்து ஆறவைத்து எடை போட்டால் 5.6 கிராம். மீதி 4.4 கிராம் எங்கே என்று கேட்டார். புகைபோக்கி வழியே போய்விட்டது என்றேன். "அந்த 4.4-ஐ மறக்காமல் இருந்தால் இந்த வேலையில் பிழைத்துக்கொள்வாய்" என்றார். இன்று வரை நான் மறக்கவில்லை. 100 டன் கல், 56 டன் சுட்ட சுண்ணாம்பு, 44 டன் கார்பன் டை ஆக்சைடு. இவ்வளவு வட்டமாக வரும் கணக்கு வேதியியலில் அபூர்வம்.

ஆகவே சுட்ட சுண்ணாம்பு எதை உறிஞ்சினாலும், சூளையில் தான் விட்டதைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த 56 டன்னும் கடைசித் துகள் வரை கல்லாக மாறினால்கூட 44 டன்னுக்கு மேல் ஒரு கிலோவும் வாங்க முடியாது. சூளையை 900 டிகிரிக்குச் சூடாக்க எரித்த நிலக்கரியோ எரிவாயுவோ விட்ட புகை இந்தக் கணக்கில் வரவே இல்லை. அது தனிக் கடன். யாராவது உங்களிடம் வந்து "எங்கள் சுண்ணாம்புப் பொருள் கரியமிலவாயுவை விழுங்குகிறது" என்று சொன்னால், கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதைச் சுட்டபோது வந்த வாயு எங்கே போனது?

எங்கள் ஆலைச் சூளையின் கணக்கு கொஞ்சம் வேறு. மரத்தைக் கூழாக்கிய கறுப்புத் திரவத்தைக் கொதிகலனில் எரித்தால் சோடியம் கார்பனேட் மிஞ்சும். அதில் நீற்றிய சுண்ணாம்பைக் கலப்போம். கார்பனேட் சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். காஸ்டிக் சோடா எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்; சுண்ணாம்பு வெள்ளைச் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைச் சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்குவோம். சேற்றிலிருந்து கிளம்பும் கார்பன், மலையில் கிடந்த கார்பன் அல்ல. மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்தது. ஒரே மாதிரிச் சூளை, ஒரே மாதிரிப் புகை, ஆனால் கணக்கேட்டில் வேறு பக்கம். சூளைக்குப் போட்ட எரிபொருளை மட்டும் இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"மயக்க மருந்துக் கலத்தில் இருக்கும் மணிகள் சுண்ணாம்புதான் என்றால், வெறும் சுண்ணாம்பையே போடலாமே? சோடா எதற்கு? அதை ஏன் ஈரமாக வைக்கிறார்கள்?" – அறுவை அரங்கில் பயிற்சி பெறும் செவிலியர்

நல்ல கேள்வி, அம்மா. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

மயக்கத்தில் இருப்பவர் விடும் மூச்சை வெளியே விட்டுவிட்டால், அதோடு விலை உயர்ந்த மயக்க வாயுவும் வீணாகிறது. விடாமல் சுற்றில் திருப்பி அனுப்பினால், அவர் விட்ட கார்பன் டை ஆக்சைடே அவருக்கு எமன். அதை மட்டும் பிரித்தெடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் வாட்டர்ஸ் 1924-இல் சோடா லைம் நிரப்பிய கலத்தை நோயாளியின் முகத்தருகே வைத்து இதைச் செய்துகாட்டினார். அதற்கு முன்பே, முதல் உலகப் போரின் நச்சுவாயு முகமூடிகளுக்காக இந்தப் பொருளைச் செம்மைப்படுத்தி வைத்திருந்தார்கள்.

மணியில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பு, 15 விழுக்காடு தண்ணீர், சில விழுக்காடு காஸ்டிக் சோடா. வேலை இந்த வரிசையில் நடக்கிறது: கார்பன் டை ஆக்சைடு முதலில் மணியின் மேலிருக்கும் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. சோடா அதன் மேல் சட்டென்று பாய்ந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. பிறகு பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்பு அந்தக் கார்பனேட்டை வாங்கிக்கொண்டு சோடாவை விடுவிக்கிறது. விடுபட்ட சோடா அடுத்ததைப் பிடிக்கப் போகிறது. எங்கள் ஆலையில் ஆளை விழுங்கும் அளவுத் தொட்டியில் நடந்த அதே வினை, உங்கள் கைக்கு அடக்கமான கலத்துக்குள் நடக்கிறது!

சோடா தரகர், சுண்ணாம்பு கிடங்கு. தரகர் இல்லாமல் கிடங்கு மட்டும் இருந்தாலும் சரக்கு ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். தண்ணீர் இல்லாவிட்டாலோ வாசல் கதவே திறக்காது. எலும்பாக உலர்ந்த சுண்ணாம்பு அறை வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடை ஏறக்குறையத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பலர் நம்ப மறுக்கும் விஷயம் இது.

உலர்ந்த மணிகளால் வேறு ஆபத்தும் உண்டு. டெஸ்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் காய்ந்த சோடா லைமோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வெள்ளிக்கிழமை மாலை ஆக்சிஜனை மூட மறந்துவிட்டுப் போனால் இரண்டு நாள் வறட்டுக் காற்று ஓடி மணிகளைக் காயவைக்கும். திங்கள் காலை வரும் முதல் நோயாளிதான் அகப்பட்டுக்கொள்வார். இதனால்தான் காஸ்டிக் சோடா போன்ற வன்காரங்களைக் குறைத்தோ, முழுக்க நீக்கியோ செய்த புதிய கலவைகள் வந்திருக்கின்றன.

எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். கையாலேயே போட்டுப் பாருங்கள். 100 கிராம் மணியில் 80 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. 74 கிராமுக்கு ஒரு மோல் என்றால் இது 1.08 மோல். ஒரு மோல் வாயு அறை வெப்பத்தில் 24 லிட்டர். ஆக 26 லிட்டர். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் வாயு மணிகளுக்கு நடுவே சுலபமான வழியைத் தேடி ஓடிவிடுவதால் இதில் பாதி கிடைத்தாலே நல்லது. அமைதியாகப் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், மணிக்கு 12 லிட்டர் வெளியிடுகிறார். முழுதாக மூடிய சுற்றில் ஒரு கிலோ சோடா லைம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை இனி நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

மணியின் அளவையும் சும்மா வைக்கவில்லை. பொடியாக்கினால் பரப்பு கூடும், ஆனால் மூச்சே போகாது. பெரிதாக்கினால் காற்று தாராளமாகப் போகும், பரப்பு குறைந்துவிடும். இரண்டு மில்லிமீட்டருக்கும் ஐந்துக்கும் இடையே என்பது இரு தரப்பும் இறங்கிவந்து செய்த ஒப்பந்தம்.

"ஊதா நிறம் வந்தால் மாற்றுங்கள், வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இது தவறு அம்மா. இரவெல்லாம் சும்மா இருந்த கலம் காலையில் வெள்ளையாகத்தான் தெரியும்." – மயக்க மருந்துத் தொழில்நுட்பர்

தவறுதான். திருத்திக்கொள்கிறேன். நிறம் காட்டுவது எத்தில் வயலெட் என்ற சாயம். காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் எண் 10.3-க்குக் கீழே இறங்கியதும் ஊதாவாகும். கலத்தை ஓய்வாக விட்டால் மணியின் உள்ளே மிச்சமிருக்கும் காரம் மெல்ல வெளித்தோலுக்கு வந்து நிறத்தை அழித்துவிடும். மணி புத்துயிர் பெற்றது போலத் தெரியும். இயந்திரத்தை ஓட்டினால் சில நிமிடங்களில் மறுபடி ஊதா. வெளிச்சத்தில் கிடந்தாலும் சாயம் வெளுக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல், உள்ளிழுக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று திரையில் பாருங்கள். கலத்தின் புறச்சுவரைத் தொட்டும் பார்க்கலாம். வேலை செய்யும் சுண்ணாம்பு வெதுவெதுப்பாக இருக்கும்.

"விண்கலத்தில் மட்டும் ஏன் லித்தியம் ஹைட்ராக்சைடு?" – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

எடைதான் காரணம். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க நீற்றிய சுண்ணாம்பு 74 கிராம் வேண்டும். லித்தியம் ஹைட்ராக்சைடு 48 கிராம் போதும். 1970 ஏப்ரலில், நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13 விண்கலத்தில் சதுரப் பெட்டியை வட்டத் துளையோடு குழாய், பிளாஸ்டிக் உறை, ஒட்டுநாடா எல்லாம் வைத்து இணைத்த கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்தது லித்தியம் ஹைட்ராக்சைடுதான். சுரங்கத்தில் அடைக்கல அறைகளுக்குச் சுமக்கும் கவலை இல்லை. அங்கே சோடா லைமே போதும்.

"சுண்ணாம்பு நீரில் ஊதினேன். பால்போல மாறியது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தேன், மறுபடி தெளிந்துவிட்டது. என் பரிசோதனை தோல்வியா?" – பத்தாம் வகுப்பு மாணவி

தோல்வியே இல்லை, கண்ணு. பாதியில் நிறுத்தியவர்கள் பார்க்காததை நீ பார்த்திருக்கிறாய். முதலில் வந்த வெண்மை கால்சியம் கார்பனேட். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: வயிறு நிறைந்த கல்லும், தண்ணீர் கூட இருந்தால், இன்னொரு பங்கு கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டாகக் கரைந்துவிடும். தெளிந்த அந்த நீரைக் கொதிக்கவைத்துப் பார், மறுபடி வெள்ளையாகும். கூடுதலாக வாங்கியதைத் துப்பிவிடும். மலைக்குகைகளில் தொங்கும் கல் விழுதுகளும் இந்த வாங்கல், துப்பலில் உருவானவைதான். எடின்பரோவில் ஜோசப் பிளாக் என்பவர் 1750-களில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, எடை போட்டு, அதற்குள் அடைபட்டிருந்த இந்த வாயுவுக்கு 'நிலைபெற்ற காற்று' என்று பெயர் வைத்தார். நாம் மூச்சாக விடுவதும் அதுவே என்று காட்ட அவருக்கு உதவியதும் சுண்ணாம்பு நீர்தான்.

உறிஞ்சு குழலால் ஊது, உள்ளே இழுத்துவிடாதே. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்.

"வாயுவை வேண்டுமென்றே சுண்ணாம்புக்குள் செலுத்தும் தொழிற்சாலைகள் இருக்கின்றனவா?" – ஓய்வுபெற்ற ஆசிரியர்

இருக்கின்றன, ஐயா. பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் தங்களுக்கென்று ஒரு சூளை வைத்துக் கல்லைச் சுடுகின்றன. வரும் சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்துச் சாற்றில் கலப்பார்கள். அதே சூளையில் வந்த வாயுவைப் பின்னாலேயே செலுத்துவார்கள். இரண்டும் மறுபடி சேர்ந்து கல்தூளாகும்போது சாற்றின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். கல்லை உடைத்து, இரண்டு துண்டையும் தனித்தனியே வேலை வாங்கி, மறுபடி ஒட்டவைக்கும் வித்தை!

காகிதத்துக்கு வெண்மையும் வழவழப்பும் தரும் வீழ்படிவுக் கார்பனேட் என்ற மாவு என் சொந்த அனுபவம். சூளைப் புகையைக் கழுவி, நீற்றிய சுண்ணாம்புப் பாலுக்குள் குமிழ்குமிழாக விடுவோம். பிஹெச் 12-க்கு மேலேயே நெடுநேரம் நிற்கும், எதுவுமே நடக்காதது போல. சுண்ணாம்பு தீரும் கட்டத்தில் திடீரென்று மலையிலிருந்து விழுந்தது போல 8-க்கு வந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஒரு இரவுப் பணியில் இரண்டு மணிக்கு முள் 7.8 காட்டியது. நிறைவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொட்டியைச் சேமிப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கு வந்த அடுத்த பணியாள் அளந்தார்: 10.6. அந்த ஒரு தொட்டி மாவால் காகித இயந்திரத்தின் ரசாயனச் சமநிலையே தடுமாறி, பிரிவுத் தலைவர் முன்னால் நான் நின்ற நிலை இருக்கிறதே, வேண்டாம்.

நடந்தது என்ன? நான் வாயுவை அவசரமாக, அதிக வேகத்தில் விட்டிருந்தேன். சுண்ணாம்புத் துகளின் வெளிப்புறம் முதலில் கார்பனேட் ஆகி ஒரு தோல் போர்த்திக்கொண்டது. முள் அளந்தது தோலுக்கு வெளியே இருந்த தண்ணீரை. உள்ளே மாட்டிக்கொண்ட சுண்ணாம்பு நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கசிந்து வந்தது. அந்த நாள் முதல் முள் இறங்கியதும் வாயுவை நிறுத்தி, அரைமணி நேரம் காத்திருந்து, மறுபடி அளந்து, ஏறியிருந்தால் இன்னொரு முறை வாயு விட்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன். சுண்ணாம்பு உறிஞ்சும் எந்தத் தொழிலை எடுத்தாலும் கடைசியில் வந்து இடிக்கும் சுவர் இந்தத் தோல்தான். செவிலியர் கேட்ட மணியிலும் இதுதான். அடுத்த இரண்டு கேள்விகளிலும் இதுதான்.

"காங்கிரீட் கட்டடங்கள் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகின்றன என்று படித்தேன். அப்படியானால் சிமென்ட் ஆலையின் பாவம் கழிந்துவிடுமா?" – கட்டடப் பொறியாளர்

கொஞ்சம் கழியும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1930 முதல் 2013 வரை உலகில் பயன்பட்ட சிமென்ட் பொருள்கள் திரும்ப உறிஞ்சியது, அதே காலத்தில் கல்லைச் சுட்டதால் வெளிவந்த வாயுவில் 43 விழுக்காடு என்று கணக்கிட்டது. எரிபொருள் புகை இந்தக் கணக்கில் இல்லை என்பதைப் பலரும் விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள்.

காங்கிரீட் உறிஞ்சும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் நல்ல சாட்சி இருக்கிறது. 1991-இல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடிய 'பயோஸ்பியர் 2' கண்ணாடிக் கூடத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போனது. ஒன்றேகால் ஆண்டில் 21 விழுக்காட்டிலிருந்து 14-ஐ ஒட்டி வந்துவிட்டது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் சுவாசித்தன என்றால் அதற்குச் சமமாகக் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்க வேண்டும். அவ்வளவு கூடவில்லை. திருடன் யார் என்று தேடினால், உள்ளே இருந்த காங்கிரீட் சுவர்களில் கார்பனேட்டாக உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு இது நல்ல செய்தியல்ல என்பது உங்களுக்கே தெரியும். உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது காங்கிரீட்டின் காரத்தன்மை. கார்பன் டை ஆக்சைடு அதைத் தின்று பிஹெச்சை 9-க்குக் கீழே இறக்கிக்கொண்டு கம்பி வரை வந்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடும். புதிதாக உடைத்த பகுதியில் ஃபீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்தால் நல்ல பகுதி சிவக்கும், உறிஞ்சிய பகுதி நிறமில்லாமல் நிற்கும். அந்தக் கோடு கம்பியை நெருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சிய ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு போகும்: நான்கு ஆண்டில் 5 மில்லிமீட்டர் என்றால் 10 மில்லிமீட்டருக்கு எட்டு ஆண்டு அல்ல, பதினாறு. முன்னால் உண்டான கார்பனேட் பின்னால் வரும் வாயுவுக்கு வழிமறிக்கிறது. தோல்தான்! சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த பழஞ்சுவர்களில் நூற்றாண்டுகள் கடந்தும் நடுப்பகுதி கார்பனேட் ஆகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

காங்கிரீட்டை இடித்த பிறகு நொறுக்கிக் காற்றாடப் போட்டால் உறிஞ்சுவது வேகமாகும். கம்பி வெளியே வந்துவிட்டதால் துருவைப் பற்றிய கவலையும் இல்லை. இந்த இடத்தில்தான் உண்மையில் வாய்ப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். நிற்கும் கட்டடத்தை உறிஞ்சவிட்டுப் பெருமைப்படுவதில் அல்ல.

"அனல்மின் நிலையப் புகையைச் சுண்ணாம்பு வழியே விட்டுச் சுத்தம் செய்கிறார்கள் அல்லவா? அதிலேயே கார்பன் டை ஆக்சைடும் போய்விடாதா?" – மின்துறை ஊழியர்

போகாது. அங்கே பெரும்பாலும் தெளிப்பது சுண்ணாம்புக்கல் குழம்பு, அதாவது வயிறு நிறைந்த பண்டம். அது கந்தக டை ஆக்சைடைப் பிடித்து ஜிப்சமாகிறது; பிடிக்கும்போது தன்னிடம் இருந்த கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. 64 டன் கந்தக டை ஆக்சைடுக்கு 44 டன். இன்னொரு நன்மைக்காகக் கொடுக்கும் விலை அது. மறுபடியும் அதே கேள்விதான்: எந்தச் சுண்ணாம்பு?

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேறு ஏற்பாடு உண்டு. 'கால்சியம் சுழற்சி' என்கிறார்கள். சுட்ட சுண்ணாம்புத் தூளை 650 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் புகையோடு கலந்து பறக்கவிடுவார்கள். அந்தச் சூட்டில் தண்ணீரின் தயவு தேவையில்லை, நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். பிடித்த தூளை இன்னொரு உலையில் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் வாயுவை விட்டுவிடும். தூள் முதல் உலைக்குத் திரும்பும். இரண்டாம் உலையில் காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் எரிபொருளை எரிப்பதால் நைட்ரஜன் கலக்காமல் ஏறக்குறையச் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். ஸ்பெயினில் லா பெரேடா என்ற இடத்தில் மின்நிலையத்தை ஒட்டி 1.7 மெகாவாட் வெப்பத் திறனுள்ள சோதனை நிலையம் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு டன் வாயுவை விடுவிக்க ஏட்டளவில் சுமார் 4 கிகா ஜூல் வெப்பம் வேண்டும். பிடிக்கும்போது அதே வெப்பம் திரும்ப வரும், அதுவும் நீராவி உண்டாக்கும் அளவுக்குச் சூடாக. மற்ற முறைகளில் இல்லாத வசதி இது.

சிக்கல் சுண்ணாம்பின் களைப்பு. கல்லிலிருந்து வாயு வெளியேறும்போது துளைகள் விடும். திரும்ப வாயு வரும்போது அந்தத் துளைகளில்தான் கார்பனேட் உட்கார வேண்டும். ஒரு மோல் கால்சியம் ஆக்சைடு 17 கன சென்டிமீட்டர் இடம் பிடிக்கும், கார்பனேட் 37. இரண்டு மடங்குக்கு மேல் பருக்கிறது. சின்னத் துளைகள் வாயடைத்துவிடும், உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும். போதாததற்கு ஒவ்வொரு முறை சுடும்போதும் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பரப்பு குறைகிறது. முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேலை செய்த சுண்ணாம்பு, சில பத்துச் சுற்றுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். நூற்றுக்கணக்கான சுற்றுகள் கடந்தால் 7, 8 விழுக்காட்டில் நின்றுவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதை எடுத்துப் புதுக்கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பழையது சிமென்ட் ஆலைக்கு மூலப்பொருளாகும். மின்நிலையத்தைவிட சிமென்ட் ஆலையோடு இது நன்றாகப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம். அவர்களுக்குக் கல் புதிதல்ல, சூளையும் புதிதல்ல.

"புகையை விடுங்கள், வெறும் காற்றிலிருந்தே சுண்ணாம்பால் எடுக்க முடியுமா?" – கல்லூரி விரிவுரையாளர்

முடியும். ஆனால் தேட வேண்டியது வைக்கோற்போரில் ஊசி. நம் மூச்சில் 4 விழுக்காடு இருக்கும் வாயு, காற்றில் 0.04 விழுக்காடுதான். ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராமை ஒட்டி. ஒரு டன் எடுக்கப் பதின்மூன்று லட்சம் கன மீட்டர் காற்றை, ஒரு துளியும் தப்பவிடாமல், சுண்ணாம்பைத் தொடவைக்க வேண்டும்.

இரண்டு வழிகள் நடப்பில் உள்ளன. கனடாவின் கார்பன் இன்ஜினியரிங் நிறுவனம் காற்றைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவி, அதில் சேரும் கார்பனேட்டைச் சுண்ணாம்புக்கு மாற்றி, மணிகளாக விளைவித்துச் சுடுகிறது. எங்கள் காகித ஆலைச் சுற்றேதான், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். படித்தபோது பழைய சகபணியாளரைத் தெருவில் பார்த்த மகிழ்ச்சி எனக்கு. இன்னொன்று, கலிபோர்னியாவில் ட்ரேசி என்ற ஊரில் ஏர்லூம் நிறுவனம் 2023-இல் தொடங்கிய நிலையம். ஈரப்பதம் ஊட்டிய சுண்ணாம்பைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி அடுக்கடுக்காகக் காற்றில் வைக்கிறார்கள். ஆண்டுகள் பிடிக்கும் வேலையை மூன்று நாளாகச் சுருக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். பிறகு மின்சார உலையில் சுட்டு வாயுவைத் தனியே பிடிக்கிறார்கள். நிலையத்தின் அளவு ஆண்டுக்கு 1,000 டன்.

இரண்டிலும் நான் மெச்சுவது, மாணவத் தம்பிக்குச் சொன்ன கேள்விக்கு இவர்களிடம் பதில் இருக்கிறது என்பதை. சுட்டபோது வந்த வாயுவைப் புகைபோக்கியில் விடவில்லை. அதனால்தான் அடுத்த முறை சுண்ணாம்பு வாங்குவது பழைய கடனாக இல்லாமல் வரவாகிறது. உலைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"கிடங்கில் மூன்று ஆண்டாக ஒரு மூட்டை நீற்றிய சுண்ணாம்பு கிடக்கிறது. இன்னும் உறிஞ்சுமா, கல்லாகிவிட்டதா? ஆய்வகம் எதுவும் எங்களிடம் இல்லை." – பண்டகசாலைக் காப்பாளர்

தராசு இருக்கிறதல்லவா? போதும். 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு முழுக்கக் கல்லானால் 100 கிலோ. அப்படியானால் 25 கிலோ மூட்டை முழுக்க மாறினால் 34 கிலோவை ஒட்டி நிற்கும். 27 காட்டினால் ஏறக்குறையக் கால்பங்கு போய்விட்டது. ஈரம் ஏறியிருந்தாலும் எடை கூடும், ஆகவே அதோடு நிறுத்தாமல் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் கெட்டியான ஓடு இருக்கும். அதில் ஒரு துண்டிலும், நடுவிலிருந்து எடுத்த பொடியிலும் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். ஓடு பொங்கி நுரைக்கும். நடுப்பொடி பேருக்குக் கொஞ்சம் நுரைத்து அடங்கினால் அது நல்ல நிலையில் இருக்கிறது. ஓட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியைக் காற்றுப் புகாத டிரம்மில் போட்டு மூடிவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.